களிமண் முட்டையை அடைகாத்தவர்

பறவைப் பாடத்துக்காக மழலையர் பள்ளி டீச்சர் பழைய டயர்களில் வைக்கோல் பரப்பிக் கூடு செய்து, ஆளுக்கொரு களிமண் முட்டை கொடுத்துப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பறவை எழுந்திரிக்காது" என்று சொன்னதுதான் வினையாகிப்போனது. வீட்டுக்குப் போகிற மணி அடித்தும் வகுப்பின் வாயாடிக் குட்டி ஒருத்தி மட்டும் அசையவில்லை. அழைத்துப்போக வந்த அப்பா கெஞ்சினார், மிரட்டினார்; ம்ஹூம்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சில கூட்டுல அப்பா பறவையும் முறை மாத்தி உட்காரும் கண்ணு" என்றாள்.

மறுநிமிடம் அப்பா டயருக்குள் குந்தியிருந்தார். வாயாடி ஊஞ்சலுக்கு ஓட்டம் பிடித்தாள்.

"போலாமாடா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஊஞ்சலிலிருந்து ஒரே பதில்தான் வந்தது.

"பொரிச்சிடுச்சாப்பா?"