எலாஸ்டிக் கட்டிய கேஸ் குழாய்

பற்றவைத்ததும் இரண்டு பர்னரிலும் தீ நன்றாகத்தான் எழுந்தது. பால் பாத்திரத்தை வைப்பதற்குள் சுருங்கி, படபடத்து, அணைந்தே போனது. சித்ரகலா குமிழை மூடிவிட்டு வண்டியின் கதவையும் சன்னல்களையும் திறந்துவிட்டாள். மணி ஆறு. ஒன்பது மணிக்கு நஞ்சப்பன் குடும்பத்தோடு வந்துவிடுவார். வால்பாறைப் பயணம். மகள் கைக்குழந்தைக்காரி. வழியில் நினைத்த நேரத்தில் குழந்தைக்கு வெந்நீர் வைக்கலாம் என்றுதான் அடுப்பும் படுக்கையும் உள்ள இந்த வண்டியைக் கேட்டிருந்தார்கள்.

வண்டிக்கு இதுதான் முதல் சவாரி. அருள்புரத்து பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம், தைத்து வரும் பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவள், வேலையை விட்டுவிட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கி வீடு மாதிரி ஆக்கியிருந்தாள். ஊரே சிரித்தது. அங்கே புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கும் நஞ்சப்பன், "ஒரு மாசத்துல திரும்பி வருவே" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதே மனிதர் முதல் ஆளாக வந்து வண்டி கேட்டதும் அவளுக்குச் சந்தேகம். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். இன்று சொதப்பினால் அடுத்த வாரமே அந்த டேபிளில் போய் நிற்க வேண்டியதுதான்.

கணவன் சிவராஜ் ஓவர்லாக் டெய்லர். வண்டி ஓட்டுவதும் அவன்தான். வந்தவன் சிலிண்டரை இரண்டு தட்டுத் தட்டி, காலி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். தட்டிப் பார்த்தே கேஸ் அளக்கும் ஞானம் இந்த ஆண்களுக்கு எங்கிருந்துதான் வருமோ!

சித்ரகலா தீர்ப்பை ஏற்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை அவன் தலையிலேயே தூக்கிவைத்து, பக்கத்து நிட்டிங் யூனிட்டுக்கு நடக்கவிட்டாள். துணி ரோல் எடை போடும் மெஷின் இருபத்துநாலு கிலோ காட்டியது. வெறும் சிலிண்டரின் எடை பதினைந்தேகால் என்று அதன் வளையத்திலேயே எழுதியிருந்தது. ஆக உள்ளே ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சிவராஜ் சிலிண்டரைத் திரும்பச் சுமந்து வந்தான்.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பீஸில் குறை எங்கே என்று தேடி அலையக் கூடாது. கழுத்தில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று வரிசையாக வர வேண்டும். கடைசியில் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கேஸும் சிலிண்டரில் தொடங்கி அடுப்பில் முடிகிற ஒரு தையல்தானே என்று அவள் வரிசையாக வந்தாள். ரெகுலேட்டரை வீட்டுச் சிலிண்டரில் மாட்டி அடுப்பைப் பற்றவைத்தாள், நீலமாக எரிந்தது. வண்டியில் மாட்டி இணைப்புகளில் சோப்பு நுரை தடவினாள். ஒரு குமிழி கிளம்பவில்லை. ஒரு பர்னர் மட்டும் எரிந்தால் தீ தாக்குப்பிடித்தது. இரண்டையும் திறந்தால் இரண்டும் சோர்ந்தன. வருகிற வழியில்தான் ஏதோ நெருக்குகிறது.

மிச்சம் இருந்தது உள்பக்கம். அலமாரியின் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தாள். கேஸ் குழாயை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் அகல எலாஸ்டிக்கால் யாரோ ஏழெட்டுச் சுற்று இழுத்துக் கட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! கட்டில் கால், சாவிக்கொத்து, பிய்ந்த செருப்பு, எதுவானாலும் எலாஸ்டிக் கட்டினால் தீர்ந்தது என்று நம்புகிற ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான்.

"ஆடாம இருக்கட்டும்னு கட்டுனேன், புள்ளெ" என்றான் சிவராஜ்.

எலாஸ்டிக் விடுமா? நாள்பட நாள்பட இறுக்கி, வளைவில் குழாயைச் சப்பையாக்கியிருந்தது. அவள் சிலிண்டரை மூடிவிட்டு, கட்டை அறுத்து, குழாயை நிமிர்த்தினாள். மறுபடி பற்றவைத்தபோது இரண்டு பர்னரும் நீலமாக நின்று எரிந்தன. சிவராஜுக்கு உயிர் வந்தது. வண்டியைக் கழுவ வாளியை எடுத்தான்.

சித்ரகலாவுக்கு மனம் ஆறவில்லை. அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடி, குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மடக்கினாள். சப்பையான இடத்தில் மயிரிழை மாதிரி மூன்று வெடிப்பு. இன்னும் கேஸ் கசியவில்லை. மலை ஏறி இறங்கும் குலுக்கலில் கசியாது என்று யார் சொல்வது? டேப் சுற்றிக்கொள்ளலாம், வால்பாறை போய் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று சிவராஜ் கெஞ்சினான். கடை திறக்க ஒன்பதரை ஆகும். நஞ்சப்பன் ஐந்து நிமிடம் பொறுக்காத ஆள். எல்லாம் அவளுக்கும் தெரியும்.

"ரிஜெக்ட்டுங்க" என்று குழாயைத் தனியே வைத்தாள்.

ஒன்பதுக்கு நஞ்சப்பனின் கார் வந்தது. பின்சீட்டில் மகள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சித்ரகலா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் கடுத்தது.

"அடுப்பு எரியுதல்லோ?"

"எரியுதுங்க சார். ஆனா குழாயில வெடிப்பு இருக்குதுங்க. புதுசு மாட்டி, சோப்பு போட்டுப் பாத்துட்டுத்தான் வண்டியெடுப்பேன். பதினொண்ணு ஆயிரும். அவசரம்னா வேற வண்டி பாத்துக்கங்க சார்."

சொல்லிவிட்டாள். கம்பெனியில் ஓட்டை விழுந்த நானூறு பீஸை அவள் ஒதுக்கியபோதும் அவர் இப்படித்தான் நின்றார். ஓட்டையை எவன் பார்க்கப் போகிறான் என்று கத்தி, அத்தனையையும் விற்பனைக்குப் போகும் பெட்டியில் போடவைத்தார். மறுநாள்தான் அவள் வேலையை விட்டாள்.

நஞ்சப்பன் குழாயை வாங்கி மடக்கிப் பார்த்தார். காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ போனதுக்கப்புறம் அந்த டேபிள்ல நாஞ் சொன்னதெல்லாம் பாஸ்தாம்மா. ஒருத்தரும் எதுத்துப் பேசறதில்லை. பேரனக் கூட்டிட்டுப் போகோணும்னதும், எவன் வண்டிய நம்பறதுன்னு ரோசன பண்ணுனேன். உன்ற பேருதான் வந்துச்சு. பதினொண்ணே ஆகட்டும்."

அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஊரார் பிள்ளை போடும் பனியனுக்கு ஒரு கண், தன் பேரனுக்கு ஒரு கண்ணா? அதை இன்று கேட்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டு, குழாயை அவர் கையிலிருந்து வாங்கி நீளம் அளந்தாள். குழந்தை விழித்தால் வீட்டு அடுப்பில் வெந்நீர் வைத்துத் தருவதாக மகளிடம் சொல்லிவிட்டு, புதுக் குழாய் வாங்க ஸ்கூட்டியை எடுத்தாள்.