கிழக்குச் சுவர் வரைக்கும்

வானிலை அலுவலகத்தில் வரைபடம் போடுபவரின் வீட்டுச் சாமான்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாமாகவே நகர்ந்து கிழக்குச் சுவரோரம் போய் நிற்கும். கட்டில், அலமாரி, தையல் மெஷின் எல்லாமே அவசரமில்லாமல்தான் போகும். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன, அலமாரி ஊருக்குக் கிளம்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். காரணம் வரைபடக்காரருக்குத் தெரியும். பல நாடுகளை ஒரே நேரத்தில் மூடும் அகலத்தில், வானத்தில் ஒரு பேரலை உலகைச் சுற்றிக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதன் ஒரு பாதி மேகத்தை அமுக்கி வானத்தைக் காயப்போடும். மறுபாதி மேகத்தைத் தூக்கிவிடும். அப்போது மழை கொட்டும், கடலில் அடுத்தடுத்துப் புயல் உருவாகும். அந்த மறுபாதி வீட்டைக் கடக்கும்போதுதான் கட்டில் கிளம்பும். புயல் காலம் வந்துவிட்டது என்பது வரை அலை சொல்லும். புயல் எந்தக் கரையில் ஏறும் என்பதை அலையும் சொல்லாது, அவ்வளவு முன்கூட்டி அலுவலகத்துக் கம்ப்யூட்டரும் சொல்லாது.

ஒரே மகளைக் கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் ஊரில் கொடுத்திருந்தார்கள். கட்டில் நகர்ந்தால் போதும், அப்பா போன் செய்துவிடுவார். அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூட்டை முடிச்சோடு வந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் புயல் வேறெங்கோ போய்த் தொலையும். மாமியார் வீட்டில் சொல்லிக்காட்டியே அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பெற்ற மனம் பொறுக்காமல் அம்மா ஒருநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, கட்டில் முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றையும் தரையோடு போல்ட் போட்டு முடுக்கச் சொன்னாள். அப்பா தடுக்கவில்லை. அவருக்கும் அவமானமாகத்தான் இருந்தது.

அடுத்த அலை வந்தபோது எதுவும் அசையவில்லை. டம்ளரில் தண்ணீர் மட்டும் கிழக்கே சாய்ந்து நின்றது. அவர் போனை எடுத்தார்.

"கட்டில் நகர்ந்துச்சாப்பா?" என்றாள் மகள்.

"இல்லம்மா, போல்ட் போட்டிருக்கு. ஆனா தண்ணி சாய்ஞ்சிருக்கு. வந்துடேன்."

"தண்ணி சாய்ஞ்சிருக்குன்னு இங்க எப்படிப்பா சொல்றது? சிரிப்பாங்க. கட்டில் நகரட்டும், வர்றேன்."

நகர்ந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிப் பழகாத வாய், அன்றைக்கும் சொல்லவில்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்று ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்தார். கொத்தனார் நல்ல வேலைக்காரர், மேலே சிமெண்டும் பூசியிருந்தார். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். புயலின் பாதை அலுவலக வரைபடத்தில் தெளிவானபோது, அதைக் கோடாக வரைந்தவரும் அவர்தான். அதற்குள் பேய்மழையில் அந்த ஊர்ப் பாலம் மூழ்கிவிட்டது, போனும் போகவில்லை. புயல் அந்தத் தடவை வேறெங்கும் போகவில்லை. வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தபோது, மகளும் பேரக்குழந்தையும் இருந்த வீட்டின் இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அதே கொத்தனாரைக் கூப்பிட்டு எல்லாப் போல்ட்டையும் அறுத்தெடுக்கச் சொன்னாள். இப்போது அலை வரும் நாட்களில் அப்பாவும் அம்மாவும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அம்மா மடியில் மாற்றுத்துணிப் பை இருக்கும். கட்டில் அவசரமில்லாமல் மகள் ஊர்ப் பக்கம் கிளம்பும். சுவர் வரைக்கும் போவார்கள். அலை கடந்ததும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவார்கள்.