குப்பைமேடு வீடு திரும்பிய வருடங்கள்

குப்பைமேடு எழுந்து, ஓடையைத் தாண்டி, அக்காவின் வீட்டின் மேல் உட்கார்ந்த மாலையில், அவள் என் பழைய கோடுபோட்ட சட்டையை வெட்டிப் பை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடியைத் தைத்து முடித்திருந்தாள். நான் கிளம்பும்போது அதை வெடுக்கென்று இழுத்துக் காட்டி, "யானையப் போட்டாலும் தாங்கும்டா. இன்னொரு கைப்பிடியையும் தச்சு வைக்கிறேன், நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றாள். மேடு எழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. படுத்திருந்த மாடு எழுவது போல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி எழுந்தது என்று ஓடைக்கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லக் காரணமில்லை.

அக்கா தையற்காரி. தனி ஆள். ஓடைக்கரையில் வாடகை குறைவு என்பதால் அங்கே இருந்தாள். மேல்தெருவில் இருந்த எங்கள் எல்லோருடைய குப்பையும் வண்டியேறிப் போய் அவள் ஜன்னலுக்கு எதிரேதான் இறங்கியது. எங்கள் தெருவில் யாரும் அதைக் குப்பைமேடு என்று சொல்வதில்லை. "தூரப் போட்டாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை அக்கா எங்கள் எதிர்வீட்டு வக்கீலம்மாவுக்குச் சட்டை அளவெடுத்தபடியே, "தூரப் போட்டேன், தூரப் போட்டேன்னு சொல்றீங்களேம்மா, அந்தத் தூரம் எங்க வீட்டு வாசல்தான்" என்றாள். வக்கீலம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் அளவு தப்பி, அந்தச் சட்டை கடைசிவரை இடுப்பில் தொளதொளவென்றே இருந்தது.

சுகாதார அதிகாரி மறுநாள் மலர்வளையத்தோடு வந்தார். தோண்டினால் மேடு மறுபடி எழுந்து பக்கத்து வீடுகளின் மேல் உட்காரும், அதனால் தோண்ட முடியாது என்றார். அக்காவை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "உணர்ச்சிவசப்படாதீங்க தம்பி. அவங்க நிம்மதியா தூங்கட்டும்" என்றார். மேல்தெரு முழுவதும் கழித்துப் போட்டதற்கு அடியில் ஒருத்தி எப்படி நிம்மதியாகத் தூங்குவாள் என்பதை அவர் விளக்கவில்லை. மலர்வளையத்தைச் சுற்றியிருந்த பாலித்தீன் தாளை உரித்து, கசக்கி, மேட்டின் மேலேயே வீசினார். வீசிய கையைக் கட்டிக்கொண்டு மௌன அஞ்சலி செலுத்தினார். போகும்போது 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் குப்பை வண்டிக்காரர் அந்தப் பலகையில் வண்டியைச் சாய்த்து நிறுத்திக் கொட்டினார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "என்னை ஏன்ணே திட்டுறீங்க? இவ்வளவையும் நானா தின்னு துப்பினேன்? அள்ளுறவன் சட்டையப் பிடிக்கிறீங்க, போடுறவங்க கையைத்தான் யாரும் பிடிக்க மாட்டேங்கிறீங்க" என்றார் அவர். நியாயமான பேச்சு. என் கோபம் அதனால் தணியவில்லை, முகவரி மாறியது.

முதலில் வீடு திரும்பியது அந்தப் பாலித்தீன் தாள். அதிகாரி இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரப்போனபோது அவருடைய நாற்காலியில் அது இருந்தது. தூக்கி எறிந்தார், காலையில் மறுபடி இருந்தது. அந்த வாரத்துக்குள் எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் அவரவர் மூட்டைகள், அவரவர் போட்ட முடிச்சோடு, வந்து நின்றன. முதலில் நேற்றைய குப்பை, பிறகு போன வருடத்தது, பிறகு மறந்தே போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. வக்கீலம்மாவின் கணவரான வக்கீல் தன் மூட்டைகளைப் பக்கத்து வீட்டுக் கயிற்றால் கட்டி ஏமாற்றப் பார்த்தார். குப்பைக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் சொந்தக்காரனைத் தெரிந்திருந்தது. மேட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. சிலர் எரித்தார்கள். புகை வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, விருந்தாளிகள் வந்தாலும் எழுந்திருக்கவில்லை. கொட்டிய சோறு சூடாகத் திரும்பி வந்து, தின்னும்வரை ஆறாமல் தட்டில் காத்திருந்தது.

வீட்டில் வைத்துக்கொண்டதும் பயன்படுத்தித் தீர்த்ததும் மேட்டில் குறைந்தது. மறுபடி வீசியது மேட்டுக்கே போய், சில நாட்களில் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது. இது எல்லோருக்கும் புரிய இரண்டு வருடம் ஆயிற்று. அதன்பின் அளந்து சமைத்தார்கள். கிழிந்ததைத் தைத்தார்கள், ஓட்டையை அடைத்தார்கள், கடைக்குப் போகும்போது எண்ணெய்க்குப் புட்டியும் மாவுக்கு டப்பாவும் கொண்டுபோனார்கள். தூக்குப் பாத்திரத்தை நீட்டியவர்களை முறைத்துக்கொண்டிருந்த மளிகைக்காரர், தான் சுற்றிக் கொடுத்த கவர்களெல்லாம் தன் கட்டிலில் ஏறிப் படுத்த பிறகு, "பை கொண்டாந்தீங்களா? இல்லேன்னா வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று வாசலிலேயே மறித்தார். பழத்தோல்கள் மட்டும் பெருந்தன்மையானவை. கொல்லையில் ஒரு குழியைக் காட்டினால் தாமாகவே இறங்கி மண்ணாகிவிட்டன. பிற்பாடு அதிகாரி எங்கள் தெருவை முன்மாதிரித் தெரு என்று மேடையேறிப் புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஒருத்தியின் கூரைமேல் உட்கார்ந்தபோது யாருக்கும் வராத புத்தி, சொந்தக் கட்டில்மேல் உட்கார்ந்தபோதுதான் வந்தது.

ஐந்தாம் வருடம் மேட்டின் நடுவில் அக்கா வீட்டுக் கூரையின் ஓடு ஒன்று தெரிந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். பிறகு அந்த ஓட்டோடு நின்றுவிட்டது. விசாரித்ததில், அதிகாரியும் வக்கீலும் சேர்ந்து ஒரு லாரி ஏற்பாடு செய்திருப்பது தெரிந்தது. திரும்பி வருவதையெல்லாம் அது வேற்றூர்ப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தது. அங்கே கொட்டியதும் கால்தேய நடந்து, வேற்றூர்ப் புழுதியோடு மேட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஓடு மறுபடி மறையத் தொடங்கிய காலையில், வக்கீலம்மா வாசலில் லாரிக்குக் குறுக்கே போய் நின்றேன். அவர் மகளின் பிறந்தநாள் விருந்துக்கு வாங்கி, ஒரே வேளை தின்று எறிந்த பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கடுக்காக லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

"வழிய விடுப்பா. ஊரே ஏத்துது, நான் ஏத்தினா மட்டும் கண்ணு உறுத்துதா?" என்றார் வக்கீலம்மா.

"அக்கா வீட்டு ஓடு தெரிஞ்சுதும்மா. இந்தத் தட்டெல்லாம் அதுக்கு மேலேதான் போய் விழும். வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போங்க."

"நல்லா இருக்கே! உங்க அக்கா போனதுக்கு நாங்கதான் கிடைச்சோமா?"

"ஆமா. நீங்கதான் கிடைச்சீங்க. அவதான் இன்னும் கிடைக்கல."

 வக்கீலம்மா அன்று போட்டிருந்தது அந்தத் தொளதொளச் சட்டை. இடுப்பில் அதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். பிறகு லாரிக்காரனிடம், "இறக்குடா" என்றார். அந்தத் தட்டுகளில்தான் அவர்கள் வீட்டில் அதன்பின் சாப்பிட்டார்கள். வக்கீலைப் பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்கும் அதில்தான் பரிமாறினார்கள். அவர் வீட்டில் இறக்கியதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் இறக்கினார்கள். லாரி சும்மா நின்று, கடைசியில் விறகுக்கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் கூரை வந்தது, ஜன்னல் வந்தது, கதவு வந்தது. அதிகாரியின் வீட்டுக்குக் கடைசிச் சாக்குமூட்டை நடந்துபோன அன்று நான் கதவைத் திறந்தேன். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மேல் ஒரு தூசி இல்லை, முடியில் ஒரு நரை இல்லை. எனக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. அவளைவிட மூத்தவனாகிவிட்டேன், என்றாலும் "அக்கா" என்றுதான் வாயில் வந்தது. தெரு முழுவதும் வந்து நின்றது. எல்லோரும் வெறும் பூவாகக் கொண்டுவந்தார்கள், எதையும் எதிலும் சுற்றவில்லை. அதிகாரி என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவரை மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. அன்று மாலையே அவளை அடக்கம் செய்தோம்.

எங்கள் தெருவில் இன்றும் வீசியது வீடு திரும்புகிறது. அதன்பின் பிறந்த பிள்ளைகள் இதில் அதிசயம் எதையும் காண்பதில்லை. வெளியூரில் குப்பை போன இடத்திலேயே கிடக்கிறது என்று கேட்டால்தான் வாய் பிளக்கிறார்கள். மெஷினில் மாட்டியிருந்த பையை நூலோடு எடுத்துவந்தேன். மளிகைக் கடைக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன். கோடுகள் வெளுத்துவிட்டன. எவ்வளவு போட்டாலும் தாங்குகிறது. தைத்துத் தருகிறேன் என்று பலர் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரே கைப்பிடிதான்.