மேல்தொட்டி

குல்ஷனின் சமையலறைக்குள் வீட்டுக்காரர் தனபாலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து முகர்ந்தார். அழுகல் நாற்றம். டம்ளரை அப்படியே கவிழ்த்தார்.

"நாலு வீட்லயும் இதே நாத்தம். நீங்க கறி கழுவுறதாலதான்னு சொல்றாங்க. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்கம்மா."

கீழ் வீட்டில் கழுவிய கறி மொட்டைமாடித் தொட்டிக்கு எப்படி ஏறும்? மயிலாப்பூரில் படித்தவர்களுக்கா பஞ்சம், ஒருத்தராவது கேட்டார்களா! இத்தனைக்கும் பயந்துபோய் குல்ஷன் வீட்டில் கறி எடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். பக்ரீத்துக்குக்கூட அடுப்பில் சாம்பார்தான் கொதித்தது. அவள் புருஷன் ஷரீஃப் வேறு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம், பெயரைக் கேட்டதும் வீடு வேறொருவருக்கு முடிந்துவிட்டது என்றார்கள். குல்ஷனுக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப் போயிருந்தாள்.

சில நாள் கழித்து வாசலில் தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு பார்த்தாள். நாற்றமில்லை. அடுப்படிக் குழாயில் பிடித்தாள். நாறியது. அப்படியானால் கோளாறு மேலேதான். ஆனால் மாடிச் சாவி இவர்களுக்குக் கிடையாது. மேல் வீட்டு வைதேகி அங்கே வடாம் காயப்போடுவார், கண்டவர்கள் கால் படக்கூடாதாம். ஷரீஃப் தனபாலனிடம் கெஞ்சி, அவரையும் கூட்டிக்கொண்டு ஏறினான்.

வைதேகி தினமும் காக்கைக்குச் சாதம் வைப்பது அந்தத் தொட்டி மூடியின்மேல்தான். மூடியில் கையகல ஓட்டை. காக்கை கொத்தியது போக மிச்சமெல்லாம் உள்ளே விழுந்து, அடியில் கூழாக அழுகிக் கிடந்தது. தனபாலன் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ஷரீஃப் லுங்கியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, அத்தனையையும் வாரிக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றினான். அவனுக்கு ஒரு வாய் காபி கொடுக்க ஆளில்லை.

விஷயம் தெரிந்து மாடிக்கு வந்த வைதேகி சங்கடப்பட்டது உண்மை. பித்ருக்களுக்கு வைத்த சாதம்தானே, அதில் என்ன அசுத்தம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு தனபாலனிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் உள்ளே இறங்கிட்டாரோன்னோ. வேற ஆளை விட்டு இன்னொரு தடவை அலம்பிடுங்கோ. ஆத்துல பூஜை இருக்கு. தப்பா எடுத்துக்கப்படாது."

தனபாலன் தலையாட்டினார். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார்கள். சுத்தமான தண்ணீர் பக்கச் சந்தில் கொட்டியது. குல்ஷன் குடத்தோடு வந்து அதைப் பிடித்தாள். ஒரு கை ஏந்திக் குடித்தாள்.

"அந்தக் காலி பண்ற விஷயம்..." என்று தனபாலன் இழுத்தார்.

"தண்ணி நல்லாத்தான் சார் இருக்கு. நாங்க எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு, குல்ஷன் அடுத்த குடத்தை வைத்தாள்.