பாதிப் படியில் ஒரு கதவு

என் அண்ணனுக்கு மூளை இருக்கிற இடத்துல கல்லாப்பெட்டிதான் இருக்குன்னு நான் எப்பவோ சொன்னேன். யார் கேட்டாங்க?

எங்க ஆத்தோரத் தெருவில வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். ஆறு பொங்கினா கீழ்வீடு அத்தனையும் முங்கிப்போகும். அதுக்காகவே எங்க பொறந்த வீட்டுக்கு வெளிப்புறமா ஒரு படிக்கட்டு, பாதிப் படியில ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கல. வெள்ளம் வந்தா யாரும் யாரையும் கேக்காம தள்ளிக்கிட்டு மாடிக்கு ஏறிடுவாங்க. தலைமுறை தலைமுறையா அப்படித்தான்.

அண்ணன் அந்த மாடியை விடுதியாக்கினான். கதவு நிலைக்கு மேல பளபளன்னு ஒரு பித்தளைப் பலகை: "இந்தக் கதவு ஒருநாளும் பூட்டப்பட்டதில்லை." வெளியூர்க்காரங்க நின்னு போட்டோ எடுத்தாங்க. பெருமையில அவனுக்குக் கால் தரையில பாவல.

போன மழையில மத்தியானமே தண்ணி ஏறிடுச்சு. மாடிதான் விடுதியாயிடுச்சேன்னு மத்தவங்க மேட்டுத் தெருவுக்கு ஓடினாங்க. எதிர்க் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் ஓடல. அவளுக்கு ஒரு கால் இழுக்கும், தவிர கதவு இருக்குங்கிற தைரியம். மிஷினைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு நிதானமா படியேறியிருக்கா.

நான் வாக்கப்பட்டது அடுத்த வீட்டுல. கதவை இடிக்கிற சத்தம் எங்க மாடி வரைக்கும் கேட்டுச்சு. "தம்பி, நான்தான். மழையில மரம் ஊதிக்கிச்சு போல, உள்ளேருந்து கொஞ்சம் இழுப்பா"ன்னு கூப்பிடுறா. இடுப்பு வரைக்கும் தண்ணி.

அண்ணனுக்கு போன் போட்டேன். வெளிய தெரியாம மரத்துக்குள்ளயே பூட்டு வச்சிருக்கானாம், சாவி அவன்கிட்டயாம், விடுதியில ஆளே இல்லயாம், அவனும் ஊர்ல இல்லயாம். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். அப்புறம் ஒண்ணு சொன்னான் பாருங்க.

"கதவை மட்டும் உடைச்சிடாத. பழைய மரம், இப்பல்லாம் கிடைக்காது."

கிடைக்காதாம்! அந்தம்மா மட்டும் கடையில கிடைப்பாளா?

சுத்தியலோட மொட்டை மாடி தாண்டி அவன் வீட்டுக்குள்ள இறங்கினேன். கீலை அடிச்சுப் பேத்தேன். கதவு சாஞ்சப்போ தண்ணி அவ கழுத்துல இருந்துச்சு. கையைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். அப்பவும் அவ, "ஐயோ, தம்பி கதவு போச்சே"ங்கிறா. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு.

தண்ணி வடிஞ்சதும் அண்ணன் வந்து கதவைக் கேட்டான். தையல்காரம்மா வீட்டுல ரெண்டு முக்காலி மேல கிடக்கு, அதுலதான் துணி வெட்டுறா, தைரியமிருந்தா நீயே போய் அவகிட்ட கேளுன்னேன். இன்னும் போகல.

பலகையை நான் தொடல. வெறும் நிலைக்கு மேல அது அப்படியே தொங்குது. இப்பதான் அதுல எழுதினது நெசம்.