கடைசிச் சொற்களின் வரிசை

மலேசியாவின் ஸ்கூடாயில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு நடத்தும் சுகந்தினி, சதாசிவத்தின் விடைத்தாளைத் திருத்தி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். இருபதுக்கு இருபது. போன வாரம்வரை எழுவாயைக் கண்டுபிடிக்கவே திணறியவர் அவர்.

'தி வின்னர் வாஸ் ஷி' என்பதில் 'ஷி', எழுவாயான வின்னரையே வினைக்குப் பிறகு மறுபடி குறிக்கிறது. அதுவே பயனிலைப் பிரதிப்பெயர். தேர்வின் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதற்கு அடிக்கோடிட வேண்டும். பதினாறு எடுத்தால் மேல்வகுப்பு. மேல்வகுப்பில் இருந்தால்தான் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் அவர் மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நாளையே கடைசி நாள்.

பார்த்து எழுதினாரோ? பக்கத்து இருக்கை ஷாமளாவுக்குப் பதினொன்றுதான். சந்தேகம் விலகி ஆவல் மிஞ்சியது. வகுப்புக்கு வந்தவரிடம் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டாள்.

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதித்துப் பிரிப்பவர் அவர். ஒளிக்கவில்லை.

"படிச்சேன், புரியல டீச்சர். தாளத் தள்ளி வெச்சுப் பாத்தேன். எல்லாமே கடைசிச் சொல்லுதான். வாசிக்கவே வேணாம் லா."

சுகந்தினி தாளை எட்டப் பிடித்தாள். வாக்கியங்கள் ஒரே அளவில் அமைய வேண்டும் என்று இரண்டு மாலைகள் செலவிட்டிருந்தாள். பிரதிப்பெயர்கள் வலது ஓரத்தில் பிசகின்றி இறங்கின. படித்துப் பார்த்த ஷாமளாவுக்குப் பதினொன்று. படிக்காதவருக்கு முழு மதிப்பெண்.

"ஏதோ படிச்சேன்னு சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"சொல்லலாம். ஆனா எங்க லைன்ல இருபதும் ஒண்ணுபோல பாஸாச்சுன்னா, மூடிய விட்டுட்டு அளவுகோலத்தான் மொதல்ல செக் பண்ணுவோம்."

தேர்வை ரத்து செய்வதாக வகுப்பிடம் அறிவித்து, பத்துப் புதிய வாக்கியங்களைப் பலகையில் எழுதினாள். இம்முறை நீளம் பார்க்கவில்லை. எட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. சதாசிவம் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, முக்கால் மணி நேரம் வாசித்தார்.

ஷாமளாவுக்கு ஒன்பது. அவருக்கு ஏழு.

சுகந்தினி தாளை நீட்டினாள். அவர் மதிப்பெண்ணை ஒருமுறை பார்த்தார். விண்ணப்பப் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். எல்லோரும் போன பிறகும் அவர் எழவில்லை. 'இட் வாஸ் ஷி ஹூ கால்ட் மீ' என்ற வாக்கியத்தின் 'மீ' மேல் விரலை வைத்தார்.

"இதுவும் ஆளத்தான் சொல்லுது. பின்ன ஏன் இது விடை இல்ல?"

மூன்று மாத வகுப்பில் அவர் 'ஏன்' என்று கேட்டது இதுவே முதல் தடவை. சுகந்தினி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.