பிளக்கைக் கழற்றியவர்

நாகலெட்சுமி அக்காவின் வேலை ஏன் போனது என்று எங்கள் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர் பிளக்கப் புடுங்கிப் புடுங்கியே மிசின நாசமாக்கிட்டா" என்பார்கள். அந்தக் கதையைப் பரப்பிவிட்டது நான்தான். தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் கிளாக்கராக இருக்கிற சுஜீவன். அக்காவுக்கு இப்படிச் செய்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது என்று நினைத்தேன். எங்கே? நன்றாகக் குறட்டை விட்டுத்தான் தூங்குகிறேன் என்கிறாள் என் மனைவி கேத்ரின். வெட்கம் கெட்ட பிறவி.

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அக்கா கினிகத்தேனையிலிருந்து இங்கே கலியாணமாகி வந்தவர். நானும் அவர் குடியிருக்கிற அதே லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவன் என்பதால் கிளாக்கரான பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். புருஷன் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் ஷாமிலா, அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. அக்கா நாள் கூலிக்குக் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதன் பிறகு கூடை தூக்க முடியவில்லை. இரக்கப்பட்டு ஆபீசில் கூட்டவும் துடைக்கவும் தேநீர் ஊற்றவும் வைத்துக்கொண்டார்கள். இரக்கம் என்றால் தற்காலிக இரக்கம். செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் பேர் கிடையாது.

பேர் இல்லை என்றால் என்ன என்று வெளியாட்கள் கேட்பார்கள். தோட்டத்தில் பேர் இருக்கிறவர் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் லயத்தின் ஒற்றையறைக் காம்பரா அந்தக் குடும்பத்துக்கு. இல்லாவிட்டால் காம்பராவை எப்போது கேட்டாலும் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். புருஷன் பேர் அவரோடு போய்விட்டது. வருகிற ஜனவரியில் அக்காவின் பேரைப் பதிவதாகத் தோட்டத்தை நடத்துகிற துரை வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா அந்த ஆபீசைப் பூஜையறை மாதிரி துடைத்தார்.

இனி நம்முடைய பெருமைமிக்க கம்ப்யூட்டர்களுக்கு வருவோம். மூன்று இருந்தன. மூன்றும் எனக்கு மீசை முளைத்த காலத்தில் வாங்கியவை. முதுகு வீங்கிய மொனிட்டர்கள், மஞ்சளடித்துப்போன பெட்டிகள். மூன்றுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே பிளக்.

எங்கள் பக்கம் மழை பெய்தால் கரண்டு போகும், காற்றடித்தால் போகும், ஒன்றுமே நடக்காவிட்டாலும் போகும். போவதில் பயமில்லை. திரும்பி வருகிற வேகத்தில்தான் டி.வி., பிரிட்ஜ் எல்லாம் எரியும். அதனால் லயத்தில் கரண்டு போனால் மெழுகுதிரியைத் தேடுவதற்கு முன்னால் டி.வி. பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். ஆபீசிலும் இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு மொனிட்டர் புகைந்தது. அன்றைக்கு நான்தான் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, நாங்க இல்லாத நேரம் கரண்டு போனா ஒண்ணும் யோசிக்காதீங்க. ஒடனே பிளக்கக் கழட்டிருங்க."

"சரி தம்பி, அத நான் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். பிளக் இறுக்கமாக இருக்கும். கோணல் கையை இடது கையால் தாங்கிப் பிடித்து, சுவரில் முழங்காலை ஊன்றி இழுப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

போன செப்டெம்பரில் கொழும்பிலிருந்து கம்பெனியின் சுற்றறிக்கை வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். பகலில் ஆபீசில் லைட் போடக்கூடாது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் மின்சாரம் சேமிக்கும் ஸ்க்ரீன் சேவர் மென்பொருள் போட வேண்டும். இலவசமாகக் கிடைத்த ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி மூன்றிலும் போட்டேன். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையில் ஒரு பச்சை மரம் வரும். நீங்கள் இதுவரை இவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள் என்று பாராட்டும். பிறகு திரை கறுத்துவிடும். இன்னும் பத்து நிமிடத்தில் உள்ளே சுற்றுகிற காற்றாடியும் நின்று மெஷினே தூங்கிப்போகும். துரைக்கு அந்த மரத்தைக் கண்டு சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு வந்த புதுத் துரை அவர். மாத்தறைப் பக்கம். தமிழில் "வா", "போ", "கெதியா" மூன்றும் தெரியும்.

மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குக்குச் சொன்னேன், மற்றக் கிளாக்கர்களுக்குச் சொன்னேன். கூட்டுகிற பொம்பளைக்கு எதற்கு இதெல்லாம்? அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு நாங்கள் குவார்ட்டர்சுக்குச் சாப்பிடப் போவோம். அக்கா அப்போதுதான் ஆபீசைத் துடைப்பார். முதல் நாள் ஒரு மணிக்கு நான் திரும்பி வந்தபோது பிளக் கீழே கிடந்தது.

"கரண்டு போயிருச்சு தம்பி, கழட்டிட்டேன்" என்றார் அக்கா.

"நல்ல காரியம் செஞ்சீங்கக்கா."

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளும் பிளக்கை மாட்டக் குனிந்தேன். எதிரே ஃபெக்டரி தடதடவென்று ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. கரண்டு எங்கே போயிருக்கிறது? தலையில் அடித்துக்கொண்டேன். திரை கறுத்ததைப் பார்த்து, பெட்டியின் சத்தமும் நின்றதைக் கேட்டு, பாவம், கரண்டு போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். லைட் எரிந்தால்தானே தெரியும்? அதையும்தான் நிறுத்திவிட்டோமே.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "அக்கா, அது தூங்குது, தொடாதீங்க." எண்ணி நான்கு சொல். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்க்ரீன் சேவர் என்றால் என்ன என்று இவருக்கு விளக்க அரை மணி நேரமாகும் என்று அலுப்பும் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஏதோ தகராறு. அதற்கு மறுநாள் மறந்துவிட்டேன். அப்புறம் பழகிப்போனது. தினமும் ஒரு மணிக்கு வந்து பிளக்கை மாட்டி மெஷினை எழுப்புவேன். அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிகமாக இருமிக்கொண்டு எழும்பும். கரண்டு பில் குறைந்ததென்று துரை என் முதுகில் தட்டினார். வாய்கொள்ளாச் சிரிப்போடு வாங்கிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை என் மெஷின் எழும்பவில்லை.

அதில்தான் புது வீட்டுத் திட்டத்துக்கான குடும்பப் பட்டியல் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். வெள்ளிக்கிழமைக்குள் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை, சோம்பேறி. முப்பத்தேழாவது பேர் நாகலெட்சுமி. ஜனவரியில் பேர் பதிவார்கள் என்ற நம்பிக்கையில் நானே சேர்த்திருந்தேன். நல்லவனாக இருக்க எனக்கும் ஆசைதான்.

ஹட்டனிலிருந்து வினோஜன் என்ற மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"டிஸ்க் செத்துப் போச்சு அண்ணே. சும்மா சும்மா கரண்ட வெட்டியிருக்கீங்க. இந்தக் கெழட்டு மிசினுக்கு யாரு அண்ணே இந்த சேவரப் போட்டது? இது தூங்கினா ஒழுங்கா எழும்பாதே!"

"கம்பெனி உத்தரவு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வேறொன்றும் கேட்கவில்லை.

துரை கேட்டார். அவருடைய அறைக்கு என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். பட்டியல் போய்ச் சேராததற்குக் கொழும்பிலிருந்து ஃபோனில் அவரைக் கிழித்திருந்தார்கள். முகம் சிவந்திருந்தது. பிளக்கைக் கழற்றியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் தோட்டத்தில் தொழிலாளி துரையிடம் நேரே பேசுவதில்லை. கிளாக்கர் வாயால்தான் போகும், கிளாக்கர் வாயால்தான் வரும். வெள்ளைக்காரன் போட்ட வழக்கம். அவன் போனான், வழக்கம் போகவில்லை. நான் அக்காவிடம் கேட்டேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பதறாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நாந்தான் சார் கழட்டினேன். கரண்டு போனா கழட்டச் சொல்லித் தம்பிதான் சொல்லியிருந்திச்சு. அது கறுத்துப் போயிருந்திச்சு, சத்தமும் இல்ல. கரண்டு போயிருச்சுன்னு நெனச்சேன். தம்பியும் நல்ல காரியம்னுதான் சொன்னிச்சு. வேற மாதிரின்னு யாரும் எனக்குச் சொல்லலங்க."

"எயா மொனவத கியன்னே?" என்று துரை என்னைப் பார்த்தார். இவள் என்ன சொல்கிறாள்?

என் கேத்ரின் அப்போது ஏழு மாதம். குவார்ட்டர்ஸ், சம்பளம், முதுகில் தட்டிய கை, எல்லாம் கண்முன் வந்து நின்றன. அக்காவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சொல்லிவிடும் என்ற முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, நல்ல சிங்களத்தில், தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

"கூட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்ததாம் சேர். அதனால் கழற்றினாளாம். பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. இப்போது மன்னிப்புக் கேட்கிறாள்."

அக்காவின் கண் ஒருமுறை இமைத்தது. அவ்வளவுதான். துரை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். மாத முடிவோடு நிற்கட்டும் என்றார். ஜனவரிப் பதிவையும் குறுக்கே கோடு போட்டு நீக்கிவிட்டார். அதை நான் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன். அதை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன்.

மாதக் கடைசியன்று அக்கா சாவியை ஒப்படைக்க வந்தார். துரை ஜீப்பில் ஏறப்போனவர் வராந்தாவில் நின்றார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று சிங்களத்தில் பேசினார். இத்தனை நாள் வேலை தந்ததற்கு நன்றி மாத்தயா, என் கையால் ஏதாவது கெட்டிருந்தால் மனதில் வைக்காதீர்கள் என்றார். அத்தனை சுத்தமான சிங்களம். என்னுடையதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

துரை ஆச்சரியப்பட்டுப் போனார். "ஆ! சிங்ஹல புலுவன்த?" சிங்களம் தெரியுமா?

"புலுவன் சேர். மகே கம கினிகத்தேன" என்றார் அக்கா. தெரியும், என் ஊர் கினிகத்தேனை.

கினிகத்தேனைக் கடைத்தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு வளர்ந்தவர். தெரியாமல் எப்படி இருக்கும்? அது என் மரமண்டைக்கு எட்டவே இல்லையே! இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அக்கா படியிறங்கினார்.

பின்னாலேயே ஓடினேன். "அக்கா... அன்னிக்கு நான் சொன்னது எல்லாம் ஒங்களுக்கு வெளங்கிச்சா?"

"வெளங்காமயா?"

"அப்ப அந்த எடத்துலயே தொரகிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே அக்கா!" வெட்கமில்லாமல் கேட்டேன்.

"சொல்லியிருக்கலாம். கூட்டுறவ பேச்ச நம்புவாரா, கிளாக்கர் பேச்ச நம்புவாரா? அதுவும் கெடக்கட்டும். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நம்ம லயத்துப் புள்ளதானேன்னு நெனச்சிட்டேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் வர்றேனுங்க ஐயா."

ஐயா என்றார். கலியாணமாகி வந்த நாளிலிருந்து தம்பி என்று கூப்பிட்ட வாய். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிசம்பரில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. தட்டையான திரை, சத்தமே இல்லாத மெஷின். அதில் நான் அடித்த முதல் கடிதம் எது தெரியுமா? லயத்துக் காம்பராவை மூன்று மாதத்துக்குள் காலி செய்து ஒப்படைக்கும்படி திருமதி நாகலெட்சுமிக்கு. துரை சொன்னார், நான் அடித்தேன். பேரையும் காம்பரா இலக்கத்தையும் அடித்து முடித்ததும் கை ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரை கறுத்தது. அதில் என் மூஞ்சி தெரிந்தது.

எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிளக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கழற்றினேன். போகட்டும், அந்தக் கடிதம் ஒழிந்து போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். கண்டாக்கு தலையை நிமிர்த்தி, "என்ன தம்பி, கரண்டு போயிருச்சா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மாட்டினேன். அது நல்ல மெஷின். அரை நிமிடத்தில் எழும்பியது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், திறக்கட்டுமா என்று கேட்டது. திறந்தேன். ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. பிரின்ட் எடுத்தேன். துரை கையெழுத்துப் போட்டார். லயத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஆள் இல்லை என்று என் கையிலேயே கொடுத்தார்.